பெரிய பெட்ரூமை இரண்டாக்க எவ்வளவு ஆகும்? – சுவர் விலை மட்டும் கேட்டால் போதாது

பிள்ளை பிளஸ் டூ போகிறது, படிக்கத் தனி அறை வேண்டும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து கூடவே தங்கப் போகிறார்கள். அண்ணனும் தங்கையும் வளர்ந்துவிட்டார்கள், இனி ஒரே அறை சரிவராது. இப்படி ஏதோ ஒரு காரணத்தால் பல வீடுகளில் எழும் பேச்சு: "பெரிய ரூம்தானே, நடுவுல ஒரு சுவர் வைச்சுட்டா முடிஞ்சது."

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டால், "சதுர அடிக்கு இவ்ளோ சார், மொத்தம் இருபதாயிரத்துல முடிச்சிடலாம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது சுவரின் விலை, அவர் சொன்னதும் அதுதான். ஆனால் நமக்குத் தேவை இரண்டு அறைகள். நடுவில் சுவர் வந்ததும் ஒரு பாதிக்கு வாசல் இருக்காது, ஜன்னல் இருக்காது, ஃபேன் இருக்காது. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரும் செலவுதான் பெரிய செலவு. அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பாடம். கையில் ஒரு டேப்பும் செல்போனும் இருந்தால் போதும்.

முதல் படி: அறை இரண்டாகத் தாங்குமா?

பணத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016, குடியிருக்கும் அறைகளுக்குக் குறைந்தபட்ச அளவு சொல்கிறது. வீட்டில் ஓர் அறையாவது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. மற்ற அறை 7.5 சதுர மீட்டருக்கு (சுமார் 81 சதுர அடி) குறையக் கூடாது. அதன் அகலம் குறைந்தது 2.1 மீட்டர், கிட்டத்தட்ட 7 அடி.

நம் கணக்குக்கு 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நடுவில் பூச்சோடு சேர்த்து 5 அங்குலச் சுவர் வந்தால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 8 அடி 9 அங்குலத்துக்கு 12 அடி கிடைக்கும். ஓர் அறை 105 சதுர அடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அலமாரி போட்டு நடக்க இடம் இருக்கும்.

12-க்கு 12 அறையைப் பிரித்தால்? ஒவ்வொன்றும் 6 அடி அகலம்கூட இருக்காது. கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது. அந்த அளவு அறைக்கு நிரந்தரச் சுவர் வேண்டாம். அலமாரியைக் குறுக்கே நிறுத்துவது, தடிமனான திரை போடுவது போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: சுவரின் எடை

செலவைவிட இதுதான் முக்கியம். நம் சுவர் 12 அடி நீளம், 10 அடி உயரம். மொத்தம் 120 சதுர அடி. அதை மூன்று விதமாகக் கட்டலாம்.

செங்கல் சுவர்: நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு நாலரை கல் கணக்கில் 540 கல் ஆகும். உடைசல் சேர்த்து 600 கல் வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் பூசி முடித்தால் சுவரின் எடை கிட்டத்தட்ட 3 டன்.

லைட் வெயிட் பிளாக்: இதை ஏ.ஏ.சி. பிளாக் என்பார்கள். 2 அடி நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலத் தடிமன் உள்ள பிளாக் 90 வேண்டும். கூடுதலாக ஐந்தாறு வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சோடு எடை சுமார் 1.3 டன்.

ஜிப்சம் போர்டு: தகரச் சட்டம் அடித்து இரண்டு பக்கமும் போர்டு பொருத்துவது. 6-க்கு 4 அடி போர்டு பத்து, பதினொன்று ஆகும். மொத்த எடை 300 கிலோவுக்குள்.

மாடி வீட்டில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். சதுர அடிக்கு 20 கிலோவுக்கும் குறைவு. செங்கல் சுவரோ ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 245 கிலோவை ஒரே கோட்டில் இறக்கும். சரியாக அந்த இடத்துக்குக் கீழே பீம் இருந்தால் அது வேறு கதை. பீம் இல்லாமல் தளத்தின் நடுவில் 3 டன் சுவரை ஏற்றினால் தளம் தொய்யலாம், கீழ் வீட்டுக் கூரையில் வெடிப்பு விடலாம். "இதுவரை எத்தனையோ வீட்ல வைச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்ற வாய்ச்சொல்லை நம்பி இதைச் செய்யாதீர்கள். மாடியில் செங்கல்லோ பிளாக்கோ வைப்பதானால் ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி, எழுதி வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள செலவு. பொறியாளர் வேண்டாமென்று நினைத்தால் மாடிக்கு ஜிப்சம் போன்ற எடை குறைந்த தடுப்போடு நில்லுங்கள்.

தரைத்தளத்தில் வேறொரு சிக்கல் உண்டு. டைல்ஸ் மேலேயே செங்கல் அடுக்கினால், அடியில் நிரப்பிய மண் இறங்கும்போது சுவரும் சேர்ந்து இறங்கி வெடிக்கும். சுவர் வரும் கோட்டில் டைல்ஸை எடுத்துவிட்டு, காங்கிரீட் பட்டை போட்டு, அதன்மேல் எழுப்ப வேண்டும்.

புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் மூலையையும் கேட்டு வையுங்கள். பழைய சுவரைக் கொத்தி, கம்பியோ வலையோ வைத்து இணைக்காவிட்டால் ஆறு மாதத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். அதன்மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் மறையாது.

மூன்றாம் படி: சுவர் எதையெல்லாம் மறிக்கிறது?

இப்போது அறைக்குள் நின்று நாலு பக்கமும் பாருங்கள்.

வாசல்: பெரிய அறைக்கு ஹாலிலிருந்து ஒரே ஒரு கதவுதான் இருக்கும். பிரித்த பிறகு இரண்டாவது அறைக்கு எப்படிப் போவது? முதல் அறை வழியாகப் போக வைத்தால், தூங்குகிறவரைத் தாண்டித்தான் அடுத்தவர் நடக்க வேண்டும். ஹால் சுவரில் புதிதாக வாசல் திறக்கலாம். ஆனால் தூண்கள் இல்லாமல் சுவர்மேலேயே கூரை நிற்கும் பழைய வீடுகளில், 9 அங்குலச் சுவரை வெட்டும் முன் மேலே முட்டுக் கொடுத்து லிண்டல் போட்டாக வேண்டும். இதையும் பொறியாளரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். ஹால் சுவரை வெட்ட முடியாவிட்டால் அறைக்குள்ளேயே 3 அடி நடைபாதை விடுவார்கள். அப்படிச் செய்தால் ஓர் அறை 105-லிருந்து சுமார் 75 சதுர அடியாகச் சுருங்கும். மேலே சொன்ன 81 சதுர அடி குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போய்விடும்.

ஜன்னல்: விதித் தொகுப்பின்படி, கதவைச் சேர்க்காமல் ஜன்னல், வென்டிலேட்டர் திறப்பு மட்டும் அறைப் பரப்பில் ஒரு பங்கு இருக்க வேண்டும். வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு. 105 சதுர அடி அறைக்கு இது 10.5 சதுர அடியிலிருந்து 17.5 சதுர அடி வரை. கடற்கரை ஊர்க்காரர்கள் நாலரைக்கு நாலு அடி ஜன்னலை மனதில் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரில் இரண்டு ஜன்னல் ஏற்கெனவே இருந்து, சுவர் அவற்றுக்கு நடுவில் விழுந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே ஜன்னல்தான் என்றால் ஒரு பாதி இருட்டறை. அங்கேதான் பெரும்பாலும் வயதானவரையோ படிக்கும் பிள்ளையையோ விடுகிறோம். பகலிலும் லைட், எந்நேரமும் ஃபேன், மழைக்காலத்தில் பூஞ்சை வாடை. அந்த ஜன்னல் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். வெளிச்சுவரே இல்லாத பாதி என்றால், பிரிக்கும் யோசனையையே மாற்றுங்கள்.

ஃபேன்: அறையின் நட்டநடுவில் ஃபேன் கொக்கி இருக்கும். சுவரும் நட்டநடுவில்தான் வரும். ஆக, பழைய ஃபேன் பாயின்ட் இரண்டு அறைக்கும் உதவாது. இரண்டு புதுக் கொக்கி, இரண்டு பாயின்ட்.

சுவிட்ச் போர்டு: பழைய போர்டு ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். அடுத்த அறைக்குப் புது போர்டு வேண்டும். ஏ.சி. இருந்தால் அது ஓர் அறைக்குத்தான். இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி. வைக்க வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்பதையும் மின் கட்டண விவரத்தில் பாருங்கள். போதாவிட்டால் கூடுதல் மின்பளுவுக்கு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மின்னகம் எண் 94987 94987.

குளியலறை: அறையோடு சேர்ந்த பாத்ரூம் இனி யாருக்கு? அது முதியவர் தங்கும் பாதியில் வரும்படி சுவரை அமையுங்கள்.

நான்காம் படி: கணக்கைப் போடுவோம்

கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் மாறும். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தரைத்தள வீடு, லைட் வெயிட் பிளாக் சுவர், ஒரு புது வாசல், ஒரு புது ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம்.

• சுவர், இரு பக்கப் பூச்சோடு: 120 சதுர அடி, ரூ.180 வீதம் – ரூ.21,600
• ஹால் சுவரை வெட்டி, லிண்டல் போட்டு, நிலை, கதவு, பூட்டு வைக்க – ரூ.20,000
• வெளிச்சுவரில் ஜன்னல்: வெட்டு, லிண்டல், சன்ஷேட், ஜன்னல், கிரில் – ரூ.22,000
• ஒயரிங், புது போர்டு, பாயின்ட்டுகள், ஏ.சி. லைன், ஒரு ஃபேன், லைட் – ரூ.14,000
• தரைப் பட்டை, டைல்ஸ் ஒட்டுவேலை – ரூ.3,000
• புதுச் சுவருக்குப் பட்டி, பெயின்ட்: இரு பக்கமும் 240 சதுர அடி, ரூ.25 வீதம் – ரூ.6,000
• இடிபாடு அகற்ற – ரூ.3,000

மொத்தம் ரூ.89,600. எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால் ரூ.98,560.

இருபதாயிரம் என்று தொடங்கிய பேச்சு ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. சுவரின் பங்கு மொத்தத்தில் நாலில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

இப்போது மிச்சம் பிடிக்கப் பார்ப்போம். பிளாக்குக்குப் பதில் ஜிப்சம் போர்டு, சதுர அடி ரூ.140 என்று வைத்தால் சுவர் ரூ.16,800. மிச்சம் ரூ.4,800 மட்டும். செங்கல் என்றால், ரூ.200 வீதம் ரூ.24,000. கூடுதல் ரூ.2,400 மட்டும். எந்தச் சுவர் என்பதில் மண்டையை உடைத்துக்கொள்வதால் மொத்தத் தொகை பெரிதாக அசையாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் சுவர் விழும்படி ஓர் அடி தள்ளி வைத்தால் ரூ.22,000 அப்படியே குறையும். பால்கனிப் பக்கமோ நடைப் பக்கமோ இன்னொரு கதவு ஏற்கெனவே இருந்தால் மேலும் ரூ.20,000 குறைந்து, மொத்தம் ரூ.47,600-க்கு வந்துவிடும். சுவர் எதனால் ஆனது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டில் அளவுக்குச் செய்தித்தாள் விரித்து, இரண்டு நாள் அந்தக் கோட்டை மதித்து நடந்து பாருங்கள். கோட்டை நகர்த்தக் காசு ஆகாது.

சுவர் வகையைத் தேர்ந்தெடுக்க வேறு காரணங்கள் உண்டு. பிளாக், செங்கல் சுவர் தண்ணீர் காட்டி, காய்ந்து, பெயின்ட் ஆக மூன்று வாரம்வரை பிடிக்கும். ஜிப்சம் ஒரு வாரத்துக்குள் முடியும். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின் கழற்றி எடுக்கவும் எளிது. ஆனால் உள்ளே சத்தம் தடுக்கும் பஞ்சு வைக்காவிட்டால் ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்கும். பாத்ரூம் ஈரம் படும் இடத்தில் சாதாரண போர்டு ஊறிவிடும், ஈரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். டி.வி., அலமாரி மாட்டும் இடங்களை முன்கூட்டியே சொன்னால் உள்ளே மரப்பலகை வைத்து அடிப்பார்கள். பிளைவுட் தடுப்பு வைப்பவர்கள் கரையானை மறக்கக் கூடாது.

அனுமதி வாங்க வேண்டுமா?

வீட்டுக்குள் தடுப்பு அமைப்பது, இரண்டு அறைக்கு நடுவே கதவு வைப்பது, வெள்ளையடிப்பது போன்றவற்றைத் தனி அனுமதி தேவைப்படாத வேலைகளாகவே தேசியக் கட்டட விதித் தொகுப்பு பட்டியலிடுகிறது. ஆனால் கட்டடத்தின் உறுதி, தீப் பாதுகாப்பு, காற்றோட்டம் ஆகிய விதிகளை மீறக் கூடாது. அடுத்தவர் இடத்தைப் பார்த்தோ பொதுச் சாலையைப் பார்த்தோ புதிதாக ஜன்னல் திறப்பது இந்தச் சலுகையில் வராது. சுமை தாங்கும் சுவரை இடிப்பது, அறையை வெளியே நீட்டுவது, மாடியில் புதிதாகக் கட்டுவது எல்லாம் வேறு கணக்கு. அதற்கு உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வெளிச்சுவரும் தளமும் உங்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஆணிகூட அடிக்க வேண்டாம். காலி செய்யும்போது சுவரை எடுக்க வேண்டுமா, செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இடிபாட்டைத் தெருமுனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் அபராதம் உண்டு. எங்கே கொட்டுவது என்று உள்ளாட்சியிடம் கேளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913.

ஜி.எஸ்.டி. கேட்கிறார்களா?

பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தமாகச் செய்யும் வேலைக்கு 18 சதவீதம் வரி உண்டு. நம் கணக்கில் ரூ.89,600-க்கு அது ரூ.16,128. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் சேவை தரும் சிறு ஒப்பந்தக்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியாது. "ஜி.எஸ்.டி. தனி" என்று சொன்னால் அவருடைய 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் பதிவின் நிலையும் தெரியும். உள்நுழைவுக் கணக்கு எதுவும் தேவையில்லை. சிமென்ட் விலையைப் பழைய வரியோடு சொன்னாலும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

செல்போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

வேலைக்கு முன் நாலு சுவரையும், கூரையையும், கீழ் வீட்டுக் கூரையையும் தேதியோடு படம் எடுங்கள். பின்னால் வெடிப்பு வந்தால் பழையதா புதியதா என்ற சண்டை வராது.

பூசி மூடும் முன் ஒயர் குழாய் போகும் பாதையை, பக்கத்தில் டேப் பிடித்து வீடியோ எடுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது உயிரைக் காப்பாற்றும் வீடியோ அது.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். தொடங்கும்போது, சுவர் எழும்பியதும், பூச்சும் ஒயரிங்கும் முடிந்ததும், பெயின்ட் முடிந்து ஒரு வாரம் கழித்து என நாலு தவணை. ஒவ்வொன்றையும் யு.பி.ஐ. மூலம், "சுவர் – 2ஆம் தவணை" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

காசு வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே புகார் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். கொட்டேஷனும் யு.பி.ஐ. குறிப்பும் அப்போது சாட்சி சொல்லும்.

மேஸ்திரிக்கு அனுப்ப ஏழு கேள்விகள்

இதை அப்படியே வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. சுவர் எந்த வகை, என்ன தடிமன், மொத்தம் எத்தனை சதுர அடி? பூச்சு இரண்டு பக்கமும் சேர்த்தா?
2. சுவருக்கு அடியில் என்ன செய்வீங்க? மாடின்னா கீழே பீம் இருக்கா?
3. பழைய சுவரோட எப்படி இணைப்பீங்க?
4. வாசல், ஜன்னல் வெட்டுறதுக்கு லிண்டலோட சேர்த்து எவ்வளவு?
5. ஒயரிங்ல எத்தனை பாயின்ட், எந்த கம்பெனி ஒயர், அதுக்குத் தனியா எவ்வளவு?
6. டைல்ஸ் ஒட்டு, பெயின்ட், குப்பை அகற்றல் இந்த விலையில வருதா?
7. எத்தனை நாள்ல முடியும்? வெடிப்பு வந்தா எவ்வளவு நாள் வரைக்கும் இலவசமா சரி செய்வீங்க?

ஏழுக்கும் தனித்தனியாகப் பதில் தருகிறவரின் மொத்தத் தொகை, "சதுர அடிக்கு இவ்ளோ" என்று மட்டும் சொல்கிறவரைவிட அதிகமாகத்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, விட்டுப்போன வரிகளை நிரப்பிக் கூட்டிப் பாருங்கள். யார் விலை உண்மையில் குறைவு என்பது அப்போது தெரியும்.